மூடியின் உட்பக்கம்

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அதில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

குருவின் பெயர் மரகதவல்லி. பாலிடெக்னிக்கில் சில வருஷம் பாடம் நடத்தியவர் என்பதால் ஊருக்கே அவர் டீச்சர். சீடர் தனுஷ்கோடி தீப்பெட்டி ஆலையில் வயர்மேனாக இருந்தவர். ஆலையை இழுத்து மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார்.

இந்த வயதில் போய் ஒரு பொம்பளையிடம் கைகட்டி நிற்கிறாரே என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். தனுஷ்கோடி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீச்சர் மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. டீச்சர் சாப்பிட உட்கார்ந்தால்தான் இவர் டிபன் பாக்ஸைத் திறப்பார்.

பழைய கம்ப்யூட்டர்களுக்கு எஸ்எம்பிஎஸ் சரிசெய்து கொடுப்பது அந்தக் கடையின் முக்கிய வேலை. கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற தகரப் பெட்டி அது. காயலான் கடையிலிருந்து மட்டமான பழைய பெட்டிகளை வாங்கி வந்து, தூசி ஊதி, ஃபேனுக்கு எண்ணெய் விட்டு, உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றி, மறுபடி ஓட வைப்பார்கள். மூன்று வருஷமாக அது தனுஷ்கோடியின் பொறுப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாக்குப்பையும் கையுமாக ஒருவர் வந்தார். பெயர் சீனிராஜ், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பைக்குள்ளிருந்து கருகிப்போன ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன் ஒரு ஓரத்தில் கடையின் லேபிள் பாதி எரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது உங்க கடையில வாங்குனதாம்மா?"

"லேபிள் எங்களதுதான்," என்றார் டீச்சர். "எங்க இருந்துச்சு?"

"அச்சாபீஸ்ல. அங்க ஒரு பழைய கட்டிங் மெஷின் இருக்கு. பழைய கம்ப்யூட்டரை வச்சாத்தான் அது ஓடுமாம். என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் அதுலதான் வேலை பாத்தா. இது தீப்பிடிச்சுப் பக்கத்துல இருந்த பேப்பர் கட்டுல ஏறிடுச்சு. கட்டை இழுத்து வெளிய போடப் போயிருக்கா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா. போன வியாழக்கிழமை போயிட்டா."

அந்தப் பெட்டியைத் தனுஷ்கோடிக்குத் தெரியும். மூன்று மாதம் முன்பு அவர் கையால் மூடிக் கொடுத்த பெட்டி.

"நான் சண்டைக்கு வரலம்மா," என்றார் சீனிராஜ். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவ மெஷினை ஆஃப் பண்ணாம சாப்பிடப் போயிட்டா, அதான் சூடேறிப் பத்திக்கிச்சுன்னு ஓனர் சொல்றாரு. ஊரே அதைத்தான் சொல்லுது. உங்கம்மாதான பிரஸ்ஸக் கொளுத்துனதுன்னு எம் மகள்கிட்ட ஸ்கூல்ல கேக்குறாங்க. இதைக் காயலான் கடையில போட்டிருந்தாங்க. கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். திறந்து பாருங்க. அவ மேல தப்பு இருந்தா இருக்குன்னு சொல்லிடுங்க. போயிடுறேன்."

டீச்சர் அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். பிறகு சீடரைப் பார்த்தார்.

"திறங்க அண்ணாச்சி."

நாலு ஸ்க்ரூ. தனுஷ்கோடிக்கு அதைக் கழற்ற அரை நிமிஷம் போதும். அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவர் மூன்று தடவை வழுக்கியது. இது வேறு எவனோ செய்ததாக இருந்துவிடக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

உள்ளே எல்லாம் கரி. டீச்சர் ஒரு பிரஷ்ஷை எடுத்து, கரண்டு நுழைகிற மூலையை மட்டும் மெதுவாகத் துடைத்தார். கண்ணாடி ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செப்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்திருந்தது.

"இங்க பாருங்க," என்றார் சீனிராஜிடம். "உள்ள எந்த சாமான் கெட்டாலும், இந்த இடத்துல இருக்கற ஃப்யூஸ் உருகி அறுந்து கரண்டை நிறுத்திடணும். ஃப்யூஸுக்குப் பதிலா கம்பி போட்டிருக்கு. கம்பி நிறுத்தாது."

"அவ ஆஃப் பண்ணிட்டுப் போயிருந்தா?"

"மெஷினை ஆஃப் பண்ணுனாலும் பிளக்குல இருக்கற வரைக்கும் இதுக்குள்ள கரண்டு வரும். அன்னிக்குப் பிடிக்காட்டி இன்னொரு நாள் பிடிச்சிருக்கும்."

தனுஷ்கோடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கடையில் ஃப்யூஸ் தீர்ந்துபோயிருந்தது. அச்சாபீஸ் ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்தினான். ஆலையில் இருந்த காலமெல்லாம் ஃப்யூஸ் போனால் கம்பி சுற்றியே பழகிய கை. ஒன்றும் ஆகாது என்று அந்தக் கை சொன்னது, அவரும் சரி என்றார்.

சீனிராஜ் மூடியை எடுத்துத் திருப்பினார். யார் பெட்டியை மூடுகிறாரோ அவர் உட்பக்கத்தில் தேதியையும் தன் பெயரையும் ஆணியால் கீறி வைக்க வேண்டும் என்பது அந்தக் கடையின் வழக்கம். கரியை விரலால் துடைத்ததும் எழுத்து தெரிந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மரகதவல்லி. யாரும்மா இது?"

"நான்தான்."

டீச்சர் மூடியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது யாருடைய கையெழுத்து என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது தனுஷ்கோடிக்கும் தெரியும். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். நாக்கு எழும்பவில்லை. வெட்கக்கேடு, அதுதான் நடந்தது.

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார். தீ பிடித்ததற்குக் காரணம் இந்தக் கடையில் செய்த தவறான வேலை, தங்கபுஷ்பம் மேல் எந்தத் தவறும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தி நீட்டினார்.

"இதை வச்சுக்கிடுங்க. ஸ்டேஷன்லயும் வந்து சொல்றேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீங்க வந்திருங்க. பெட்டியை யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க."

சீனிராஜ் தாளை இரண்டு தடவை படித்தார். சட்டைப்பையில் வைத்தார். திட்டுவார், அடிப்பார் என்று தனுஷ்கோடி எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை.

"ஆஸ்பத்திரியில கடைசியா நான் அவகிட்டக் கேட்டது, ஏன்டி ஆஃப் பண்ணாமப் போனன்னுதாம்மா," என்றார் சீனிராஜ். "பண்ணுனேன், பண்ணுனேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் நம்பல."

பெட்டியைச் சாக்குக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

டிபன் பாக்ஸ்கள் இரண்டும் திறக்காமல் கிடந்தன.

"டீச்சர்," என்றார் தனுஷ்கோடி. "என் பேரை ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்."

"சாயங்காலம் நானும் வர்றேன். நான்தான்னு சொல்லிடுறேன். நீங்க எழுதிக் கொடுத்தது பொய்யாப் போயிடும், அதைத் திரும்ப வாங்கிடலாம்."

"பொய் எதுவும் எழுதல. கடை என்னுது. நீங்க மூடுனதை ஒரு நாள்கூட நான் திறந்து பாக்கல. அந்தப் பாவம் எனக்கு இருக்கு."

தனுஷ்கோடி முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணு மட்டும் நம்பணும் டீச்சர். உங்களை மாட்டிவிடணும்னு உங்க பேரை எழுதல. கடவுள் சத்தியமா இல்ல. எனக்கு இந்தத் தொழில் நீங்க போட்ட பிச்சை. அந்த மரியாதையிலதான் உங்க பேரைக் கீறுனேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தார்.

டீச்சர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். அந்த மாதம் தனுஷ்கோடி சரிசெய்து, வாடிக்கையாளர்களுக்காகக் காத்திருந்த பெட்டிகள் அங்கே வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து வந்து மேஜையில் வைத்து, நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, மூடியைத் திருப்பினார்.

தனுஷ்கோடி.

உள்ளேயும் பார்த்தார். ஃப்யூஸ் புதுசு, கெப்பாசிட்டர்கள் புதுசு, பற்றவைப்பு முத்து முத்தாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மூடினார். இரண்டாவதை எடுத்தார்.

தனுஷ்கோடி.

அதுவும் சுத்தமான வேலை. டீச்சர் என்ன தேடுகிறார் என்று சீடருக்குப் புரியவில்லை. மூன்றாவது பெட்டி.

தனுஷ்கோடி.

நாலாவது பெட்டியின் மூடியைத் திருப்பியதும் டீச்சரின் கை நின்றது. மூடியைச் சீடர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

மரகதவல்லி.

தனுஷ்கோடிக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதுல என்ன பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"கெப்பாசிட்டர்... புதுசு இல்ல. செத்த போர்டுல இருந்து எடுத்துப் போட்டேன்."

"எப்படி ஓடுச்சு?"

"ஓடுச்சு. கொஞ்சம் சூடாச்சு."

டீச்சர் அந்தப் பெட்டியின் ஒயர்களைக் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக நறுக்கினார். இனி யாரும் அதை மாட்ட முடியாது. நறுக்கி முடித்து, பிளேயரைக் கீழே வைத்தார்.

"மூணு வருஷமாச்சு அண்ணாச்சி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. என் பேரைப் போட்டு நீங்க அனுப்புனது, வெளிய இப்ப எத்தனை ஓடிக்கிட்டிருக்கு?"