தீராத இழுப்பு

மலைமேல் இருந்த மடத்தில் நல்லம்மைதான் குரு. சீடர் சேந்தன் அவளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய 'தாயே' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு காலையில் துணி மூட்டையோடு வந்து நின்றார்.

"தாயே, இந்த இழுப்பு எப்போதுதான் நிற்கும்?"

நல்லம்மை உடனே உள்ளே போனாள். ஆடாதோடை இலையைக் கொதிக்கவைத்து, தேன் விட்டு, ஒரு குவளை கஷாயம் கொண்டுவந்து நீட்டினாள். குரு கொடுத்ததை மறுக்கலாமா? சேந்தன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து முடித்தார். அப்புறம்தான் மெல்ல வாயைத் திறந்தார். தனக்கு மூச்சிழுப்பு இல்லையாம், ஊர்தான் இழுக்கிறதாம்.

ஊர் என்றால் அக்கா. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் துறவுக்கு வந்துவிட்டார். முதலில் ஊருக்குப் பக்கத்து மலையில் தங்கிப் பார்த்தார். கண்ணை மூடினால் அவள் முகம். இங்கே வந்தார், இங்கேயும் விடவில்லை. அதனால் இன்னும் தள்ளி வேறொரு மலைக்குப் போக உத்தரவு வேண்டும் என்றார்.

"முதலிலேயே சொல்லியிருந்தால் தேனாவது மிஞ்சியிருக்கும்" என்று சிரித்தாள் நல்லம்மை. கீழே கிடந்த கூழாங்கல்லை எடுத்துக் கையிலிருந்து நழுவவிட்டாள். அது விழுந்தது.

"பூமி இழுத்தது" என்றார் சேந்தன்.

பாரம் கூடினால் இழுப்பும் கூடும், தூரம் கூடினால் குறையும் என்று விளக்கினாள் அவள்.

"தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலில் ஒரு பங்கு."

"மூன்று மடங்கானால்?"

"ஒன்பதில் ஒரு பங்கு."

சேந்தனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"அப்படியென்றால் எங்கேயோ ஓரிடத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும்."

"குறைந்துகொண்டே போகும். தீராது."

சேந்தன் மூட்டையைக் கீழே இறக்கினார்.

"பூமி பெரியது, இழுக்கிறது. என் அக்காவும் அப்படித்தான். கல் என்ன செய்யும், பாவம்?"

"கல்லும் பூமியை இழுக்கிறது, அதே பலத்தோடு. பூமிக்குப் பெரிய உடம்பு. அது அசைவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை."

சேந்தன் குனிந்து கல்லைப் பார்த்தார். இந்தப் பொடிக் கல்லா?

"அப்படியானால் ஊரில், அக்கா..."

"நீங்களாவது என்னிடம் வந்து கேட்டுவிட்டீர்கள், சேந்தரே. அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?"