மோதலப்பனின் தோள்பட்டை

மோதலப்பன் என்ற காட்டுப்பன்றிக்குக் கழுத்து திரும்பாது. பன்றி என்றாலே அப்படித்தான். ஆனால் இவன் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். "பின்னால திரும்பிப் பாக்கிறவன் வீரனாடா?" என்று கேட்பான்.

மேலக்காட்டுக்கும் கீழக்காட்டுக்கும் நடுவே ஒரு குளம். கோடையில் அது வற்றியதும் விலங்குகள் அங்கே ஆட்டம் ஆடும். பனங்காயைக் கவ்விக்கொண்டு ஓடி, எதிரிகளின் கரையில் வைக்க வேண்டும். மறித்தால் முட்டலாம், மேலே விழுந்து அமுக்கலாம். காயை முன்னால் எறிவது மட்டும் கூடாது. கூட்டாளிக்குக் கொடுப்பதென்றால் பின்பக்கம்தான் எறிய வேண்டும். மனிதர்கள் இதை ரக்பி என்பார்களாம். காட்டில் இதற்கு முட்டாட்டம் என்று பெயர்.

மேலக்காட்டு அணிக்கு மோதலப்பன்தான் முன்வரிசை. ஒருநாள் கீழக்காட்டு அணியை நடத்தும் நரியார் வந்தார்.

"ராஜா! உன்ன மாதிரி ஒரு தோள்பட்டை எந்தக் காட்டுலயும் இல்ல! எங்க பக்கம் வா. தினமும் ஒரு குவியல் வள்ளிக்கிழங்கு!"

கிழங்கு என்றதும் எச்சில் ஊறியது. கூட ஆடியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அன்றைக்கே கிளம்பிவிட்டான், நன்றி கெட்டவன்!

கீழக்காட்டில் ராஜ உபசாரம்தான். அவன் தோளால் இடித்தால் கரடியே கவிழும். குரங்குகள் மரத்துக்கு மரம் தாவி அவன் பெயரைக் கத்தின. தின்று ஆடி, ஆடித் தின்று, இரண்டு கோடை போனது. மூன்றாம் கோடையில் இடது தோள் விண்விண் என்று தெறிக்கத் தொடங்கியது.

வெளியே சொன்னால் அவ்வளவுதான். இடியன் என்ற காட்டெருமைக் காளை ஓரத்தில் உட்கார்ந்து அவன் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். நரியாருக்கா தெரியாது? தோளில் சேற்றை அப்பி, "எறும்புக்கடி ராஜா, எறும்புக்கடி!" என்று தட்டிக்கொடுத்தார்.

மேலக்காட்டோடு கடைசி ஆட்டம் வந்தது. ஜெயிக்கிற காட்டுக்குத்தான் கிழங்குத் தோட்டம். காயைக் கவ்விய மோதலப்பன் புழுதி பறக்க ஓடினான். எதிர்க்கரை எட்டும் தூரத்தில்தான். ஆனால் பழைய கூட்டாளிகள் நான்கு பேர் சுவராக நின்றார்கள்.

பின்னால் துள்ளன் என்ற முயல் தனியாக ஓடிவந்தது. மறிக்க ஒரு ஆள் இல்லை!

"அண்ணே! பின்னால போடுங்கண்ணே! என் பக்கம் யாருமே இல்ல!"

மோதலப்பனுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. ஆனால் காயை முயல் வைத்தால் குரங்குகள் யார் பெயரைக் கத்தும்? 'ரெண்டு பிடி கூட இல்லாத பொடியனுக்குப் பேரா?' என்று நினைத்தான். தலையைக் குனிந்து நால்வர் மேலும் பாய்ந்தான்.

மளுக்! கேட்டவர்களுக்கே பல் கூசியது. தோள் போனது. காயும் வாயிலிருந்து உருண்டது. அதை எடுத்து ஓடிய மேலக்காட்டு மான் ஜெயித்தும் விட்டது.

"அண்ணே, கூப்பிட்டேனேண்ணே!" என்று அழுதது துள்ளன். குரங்குகள் மோதலப்பன் மேல் கொட்டை வீசின. அன்று முதல் அவனுக்குக் கிழங்கும் இல்லை, கிழங்குத் தோலும் இல்லை.

அடுத்த கோடை வந்தது. குளத்தோரத்தில் நொண்டிக்கொண்டு கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான் மோதலப்பன். நரியார் இடியனின் தோளைத் தட்டிக்கொண்டே அந்த வழியாக வந்தார்.

"ராஜா! உன்ன மாதிரி ஒரு தோள்பட்டை எந்தக் காட்டுலயும் இல்ல!"

மோதலப்பன் தோண்டுவதை நிறுத்தினான். அடக்க முடியாமல் கத்தினான்: "தம்பி இடியா! முயல் கூப்பிட்டா காயைப் பின்னால போட்டுரு! என்னைப் பாத்தாவது புத்தி வரட்டும்!"

இடியன் கழுத்தைத் திருப்பாமலே கேட்டது: "யாரு இது?"

நரியார் கொட்டாவி விட்டார். "முன்னாடி இங்க ஆடினவன்னு நினைக்கிறேன். பேரு வாயில வர மாட்டேங்குது."

கூட ஓடி வருகிறவனை மதிக்காதவன் விழும்போது, கைதட்டியவன் ஒருவனும் தூக்க வரமாட்டான்.