நாதருக்குச் சேதி சொன்ன சங்கரவடிவம்மை

பொருநைக் கரையில் மணற்கரை என்றோர் ஊர். அங்கே கோயில் கொண்டிருப்பவர் கரைகாத்தநாதர். அவருடைய கிழக்கு வாசலில், அடியார்கள் கழற்றிவிட்டுப் போகும் செருப்புகளைக் காத்துக் கொடுக்கும் பணியைச் செய்துவந்தார் சங்கரவடிவம்மையார். அறுந்து ஊக்குக் குத்திய ரப்பர் செருப்பையும் பளபளக்கும் தோல் செருப்பையும் அவர் ஒரே மரியாதையோடுதான் வாங்கி வைப்பார். நாதரைப் பார்க்க வந்த கால்களில் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்பது அம்மையாரின் கட்சி.

முன்பு அவர் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். பள்ளியை இழுத்து மூடினார்கள். அந்த வருத்தம் ஆறுமுன் கணவரும் போய்ச் சேர்ந்தார். டீச்சராக இருந்தவள் செருப்புப் பொறுக்குவதா என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். சுளித்தவர்களில் ஒருவராவது ஒருபிடி அரிசி கொண்டுவந்தார்களா என்றால் இல்லை. அம்மையார் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

அந்தக் கோயிலில் காலை பூஜையின்போது பட்டர் நாதருக்குப் பஞ்சாங்கம் வாசிப்பது வழக்கம். இன்ன திதி, இன்ன நட்சத்திரம், இன்ன யோகம் என்று சாமிக்கு அன்றைய நாளைச் சொல்வார். வாசலில் இருந்தபடியே தினமும் அதைக் கேட்ட அம்மையாருக்கு ஒரு நியாயம் தோன்றியது. நாள் என்னவென்று சொல்கிறார்கள். நாட்டில் என்ன நடந்தது என்று யார் சொல்கிறார்கள்? பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் செருப்போடு தம் ஆங்கிலப் பத்திரிகையையும் விட்டுவிட்டுப் பிராகாரம் சுற்றப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் அம்மையார் அதைப் படித்துவிடுவார். கூட்டம் ஓய்ந்ததும் நந்திக்குப் பக்கத்தில் நின்று, படித்ததை நாதருக்கு ஆங்கிலத்திலேயே சொல்வார். அந்த ஊரில் அவரோடு ஆங்கிலம் பேச வேறு நாதி இல்லை.

ஒருநாள் செண்பகக்கனி என்கிற இளம் நர்ஸ் இதைப் பார்த்துவிட்டாள். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. ஆங்கிலப் பரீட்சையில் தேறினால்தான் போக முடியும். எழுத்தில் தேறிவிட்டாள். பேச்சில் இரண்டு முறை தோற்றுவிட்டாள். இன்னொரு முறை தோற்றால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். படுக்கையில் கிடக்கும் தகப்பனுக்கும் படிக்கிற தங்கைகளுக்கும் அவள்தான் தூண்.

"யாருட்டக்கா பேசுதிய?" என்று கேட்டாள்.

"சாமிட்ட. நேத்து நடந்ததைச் சொல்லுதேன்."

கனி தன் கதையைச் சொன்னாள். எந்தக் கேள்விக்கும் பதில் மனப்பாடமாக இருக்கிறதாம். ஆனால் பரீட்சை வைப்பவர் அது மனப்பாடம் என்று கண்டுபிடித்துவிடுகிறாராம். அம்மையார் பத்திரிகையை அவள் கையில் கொடுத்தார். நேற்று நடந்தது எந்தக் கைடிலும் இராது, அதனால் அதை மனப்பாடம் செய்யவே முடியாது, படித்து மடித்து வைத்துவிட்டு உன் வார்த்தையில் நாதருக்குச் சொல் என்றார். தப்பாகப் பேசினால் என்று கனி இழுத்தாள். இந்த ஊரில் உன் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான் என்றார் அம்மையார்.

அன்று கனி திக்கித் திணறிச் சொன்னது ஒரு புயல் செய்தி. மறுநாள் தேர்தல் செய்தி. பிறகு வெங்காய விலை ஏறியதைச் சொன்னபோது நடுவில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. கோபம் வந்ததும் ஆங்கிலம் தடங்கலில்லாமல் வந்தது. இதைக் கேள்விப்பட்டு இன்னும் சில நர்ஸுகள் சேர்ந்தார்கள். சொல்லி முடித்ததும் அம்மையார் நாதரின் சார்பில் கேள்வி கேட்பார். ஏன் நடந்தது, யார் தப்பு, நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று துருவுவார்.

அறங்காவலர் குற்றாலநாதனுக்கு இது எட்டிக்காயாகக் கசந்தது. பட்டாசு ஆலை வெடித்துப் பலர் மாண்ட செய்தியை ஒரு பெண் அழுதுகொண்டே நாதருக்குச் சொன்ன அன்று, நேரே நந்தியருகில் வந்து நின்றார். சாவும் வெள்ளமும் கொலையும் சன்னிதியில் பேசுகிற பேச்சா, சாமி காதில் மங்கலமானதுதான் விழவேண்டும் என்று சத்தம் போட்டார்.

அம்மையார் எழுந்து நின்றார். "நல்லதை மட்டுந்தான் கேப்பாருன்னா ஆலகாலத்தை எதுக்கு அண்ணாச்சி முழுங்கினாரு? நஞ்சையே முழுங்கினவருக்கு நம்ம பேப்பரா செரிக்காது?"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அம்மையாரின் வேலையைக் கொண்டுபோயிற்று. செருப்புக் காக்கும் இடம் தெற்கு வாசலுக்கு மாறி, வேறொருவர் கைக்குப் போனது. பேசாமல் கும்பிட்டுவிட்டுப் போவதானால் உள்ளே வரலாம் என்று அறங்காவலர் பெரிய மனது பண்ணினார்.

"பேசாம நிக்கதுக்கு உள்ள கல்லுத் தூணு நெறைய இருக்கு. நான் வரல" என்று அம்மையார் வெளியேறினார்.

அன்று முதல் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தார். காலையில் மட்டும் அந்தப் பெண்களோடு கிழக்கு வாசலுக்கு எதிரே தெருவில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் நந்தியைத் தாண்டி நாதரின் விளக்கு தெரியும். அவ்வளவு தூரம் கேட்க வேண்டுமே என்று பெண்கள் குரலை உயர்த்திச் சொன்னார்கள். முணுமுணுத்த வாய்கள் திறந்தன. டீக்கடைக்காரர்கள் வெள்ளைக்காரச் சாமியாரம்மா என்று கேலி செய்தார்கள். அறங்காவலர் கிழக்குக் கதவையே சாத்தச் சொன்னார். அம்மையார் சாத்திய கதவைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். கதவு மரம், நாதரின் காது மரமில்லை என்பது அவர் வாதம்.

கனியின் பரீட்சை நாள் வந்தது. மதுரைக்கு முதல் பஸ் ஏறப் போனவள், சாத்திய கதவின் முன்னே நின்று, நாதரின் விளக்கைக்கூடப் பார்க்க முடியவில்லையே என்று கண் கலங்கிவிட்டுப் போனாள். அந்தக் கலக்கம் அம்மையாரைச் சுட்டது. வழக்கமான நேரத்துக்குக் கதவின் முன்னே வந்தார். பத்திரிகையைப் பிரிக்கவில்லை.

"இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. சேதி வேணும்னா மதுரைக்குப் போயி அவ வாயால கேட்டுக்கிடும். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தது போதும். கெளம்பும்" என்று நாதரிடமே சண்டை பிடித்தார். அருகில் நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உள்ளே பட்டர் பஞ்சாங்கத்தை எடுத்தார். திதியைச் சொன்னார். குரல் ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் பேசியதுபோல எதிரொலித்துத் திரும்பியது. நட்சத்திரத்தைச் சொன்னார். அதுவும் அப்படியே திரும்பியது. வெளியே ஓடிவந்து, உள்ளே யாரும் இல்லை, நான் செவருக்குப் பஞ்சாங்கம் படிக்கிறேன் என்று அறங்காவலரிடம் கதறினார். அறங்காவலர் நம்பாமல் தாமே சன்னிதியில் நின்று ஓம் நமசிவாய என்றார். அந்தச் சொல்லும் கேட்பாரற்று அவர் முகத்திலேயே வந்து மோதியது.

கதவுக்கு வெளியே அம்மையார் பிடித்த சண்டை அவர் காதிலும் விழுந்திருந்தது. கிழக்குக் கதவு திறந்தது. அறங்காவலர் தெருவில் இறங்கி வந்தார்.

"எங்கம்மா போயிருக்காரு?"

"மதுரைக்கு, அண்ணாச்சி. பரீட்சை கேக்கப் போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"அவ பேசி முடிச்சதும் வருவாரு. கதவு தெறந்திருக்கணும்."

அன்று முழுக்கக் கதவு திறந்தே இருந்தது. அறங்காவலர் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் கனி வந்து இறங்கினாள். கூடிநின்ற கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். அறங்காவலரே எழுந்து என்ன நடந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். சமீபத்தில் உன்னைப் பாதித்த ஒரு செய்தியைச் சொல் என்றாராம் பரீட்சை வைத்த பெரியவர். பத்திரிகையில் வந்தது ஒன்றும் அவள் வாயில் வரவில்லை. சேதி சொன்னதற்காக ஓர் அம்மாவை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திய கதைதான் வந்தது. பரீட்சையில் அதைச் சொல்லும்போது இடையில் தயங்கினாள்.

"பேனாவைக் கீழ வச்சிட்டாருக்கா. 'அண்ட் தென்?'னு கேட்டாரு. நான் நிறுத்துனப்பல்லாம் அது ஒண்ணுதான் கேட்டாரு. எனக்கு எதிரில இருக்கது யாருங்கதே மறந்துபோச்சு. நம்ம சாமிட்டச் சொல்லுத மாதிரி சொல்லிட்டு வந்துட்டேன்."

அறங்காவலரின் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. அவர் அம்மையாரின் காலில் விழப்போனார். அம்மையார் தடுத்து, விழுகிற இடம் உள்ளே இருக்கிறது என்று வழிகாட்டினார். எல்லோரும் உள்ளே போனார்கள். பட்டர் விளக்கை ஏற்றி நாதரின் பெயரைச் சொன்னார். குரல் திரும்பி வரவில்லை. யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

அம்மையாரின் கண்கள் நிறைந்தன. ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நந்திக்குப் பக்கத்தில் தம் இடத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டு, "நெடுந்தூரம் போயிட்டு வந்திருக்கீரு. இன்னைக்குச் சேதியை நீரு சொல்லும். நாங்க கேக்கோம்" என்றார்.

கனி தேறினாள், அயர்லாந்துக்கும் போனாள். கடவுளையே கதவுக்கு வெளியே வரவழைத்து ஓர் ஏழைப் பெண்ணின் பேச்சைக் கேட்க வைத்த சங்கரவடிவம்மையாரின் பாத்திரம் தேய்த்த கைகளுக்கு நம் தலை தாழ்க.