வெளுத்துப்போன வெளிமான்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரும் ஒரு நாட்டில், அரசனுக்கு மான் ஆசை பிடித்தது. புல்வெளியில் ஓர் ஆண் வெளிமானைப் பிடித்து வந்தார்கள். முதுகு கன்னங்கரேல், வயிறு பால்வெள்ளை, முறுக்கிய கொம்பு ஒரு முழத்துக்கு மேல். அதை மதில் சூழ்ந்த கொட்டடியில் தனியே அடைத்தார்கள். ஆறே மாதத்தில் கருப்பு வெளிறி, பெட்டை மானைப் போலப் பழுப்பாகிவிட்டது.

"அந்த மானை விற்றுவிட்டு வேறொன்றை அடைத்திருக்கிறான் காவலன்" என்று வத்தி வைத்தார் அமைச்சர் அனந்தநம்பி. காவலன் ஈரப்பன், விகடகவி வெண்காடன் சொல்லி வேலைக்கு வந்தவன். வெண்காடனைக் கண்டாலே அமைச்சருக்கு வயிறு எரியும்.

"அதே மானுங்க சாமி" என்று அழுதான் ஈரப்பன். "புல்வெளியில தன் எடத்துல புழுக்கை போட்டு, எல்லை வச்சு, உள்ள வர்ற வேற கலைமானோட முட்டி நிக்கிறப்பத்தான் அந்தக் கருப்பு. இங்க யாரோட முட்டும்? செவுத்தோடயா?"

"நிறம் மாறினால் ஆளே மாறியதாகப் பொருள். காத்தவன் கையை நாளை வெட்டுங்கள்" என்று தீர்ப்புச் சொன்னான் அரசன்.

மறுநாள் வெண்காடன் சபைக்கு வெந்நீரும் சீயக்காயும் கொண்டுவந்தான். யாரும் தடுக்குமுன் அமைச்சர் தலையில் ஊற்றித் தேய்த்தான். கன்னமெல்லாம் மை வழிந்தது. அடியில் முழு நரை.

"மகாராஜா, நம் அமைச்சருக்குக் கருத்த முடி. இவர் யாரோ கிழவர். தங்கள் தீர்ப்புப்படி அமைச்சர் களவு போய்விட்டார். இத்தனை நாள் அவருக்குச் சோறு போட்டுக் காத்தவர் தாங்கள். யார் கையை வெட்டுவது?"

அரசன் தன் கையைப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். ஈரப்பனை விடுவித்து, வெண்காடனுக்குப் பொற்சங்கிலி கொடுத்தான்.

"சங்கிலி வேண்டாம் மகாராஜா. மானைப் புல்வெளியில் விட உத்தரவிடுங்கள்."

"விடுவதா? அமைச்சர் தலைக்குப் பூசும் மை இருக்கிறதே, அதையே மானுக்கும் பூசுங்கள். நாளை அயல்நாட்டுத் தூதர் பார்க்க வருகிறார்" என்றான் அரசன். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

அரசன் சிரித்தான், பரிசு கொடுத்தான் என்று கதையை இங்கே முடித்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. வெண்காடன் கழுத்தில் சங்கிலியைப் போட்டுத்தான் அனுப்பினார்கள். கொட்டடியில் ஈரப்பன், வெட்டுப்படாத அந்தக் கையால், மானுக்கு மை பூசிக்கொண்டிருந்தான். பூசப் பூச அது திரும்பித் திரும்பி மையை நக்கியது.