ஆற்றைக் குடித்த மகள்

முன்னொரு காலத்தில், குதிரை இன்னும் ஊருக்குள் கால் வைக்காத காலத்தில், இரும்பு மலையின் வயிற்றில் தூங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெரிய ஆற்றங்கரையில் ஒரு நகரம் இருந்தது. அந்த ஊர்த் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும். காற்றுகூட முனையில் ஒரு நிமிஷம் நின்று, வலமா இடமா என்று யோசித்துவிட்டுத்தான் திரும்பும். வீட்டுக்கு வீடு கிணறு, தெருவுக்குத் தெரு மூடிய சாக்கடை. செங்கல்லெல்லாம் ஒரே அளவு. சுட்டவனே வந்து நின்றாலும் எது எந்தக் கல் என்று சொல்ல முடியாது.

அந்த ஊரில் முத்திரை வெட்டுகிறவன் உதிரன். வியாபாரிகள் மூட்டையைக் கட்டி, முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் தங்கள் முத்திரைக் கல்லை அழுத்துவார்கள். அந்தக் கல்லை வெட்டித் தருவது அவன் தொழில். கல்லில் எல்லாவற்றையும் புறம் திருப்பி வெட்ட வேண்டும்; இடம் வலமாக, வலம் இடமாக. அப்போதுதான் மண்ணில் நேராக விழும். "முப்பது வருஷமாக இதே வேலை. இந்த மனுஷனுக்குக் கனவுகூடத் திரும்பித்தான் வருகிறது. செத்தவர்கள் பிறக்கிறார்களாம், பிறந்தவர்கள் சாகிறார்களாம்" என்று அவன் மனைவி கொற்றி கேலி செய்வாள்.

அவர்களுக்கு ஒரே மகள், நன்னி. ஏழு வயது. ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் தங்கியது. போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போயிற்று. அன்றோடு அந்த வீட்டில் கேலியும் நின்றது.

ஒரு நாள் உச்சிவேளையில் உதிரன் ஒற்றைக் கொம்பனை வெட்டிக்கொண்டிருந்தான். ஒற்றைக் கொம்பன் என்றால் ஒரே ஒரு கொம்புள்ள காளை. முத்திரையில் எல்லாரும் பார்த்ததுண்டு, நிலத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. அவன் கண்ணீர் ஒரு சொட்டு கல்லின்மேல் விழுந்தது. கல் சிலிர்த்தது. காளை தலையை நீட்டி, வெளியே குதித்து, கல்தூள் பறக்கத் தும்மியது.

"ஆயிரம் தடவை என்னை வெட்டியிருக்கிறாய் உதிரா. ஒவ்வொரு தடவையும் என் மூக்குக்கு முன்னால் ஒரு தொட்டி வேறு வெட்டுகிறாய். அதில் ஒரு தடவையாவது ஒரு பிடி புல் வெட்டினாயா?"

உதிரன் ஓடிப்போய் ஒரு கூடை வாற்கோதுமை கொண்டுவந்து வைத்தான். காளை கூடையையும் சேர்த்துத் தின்றது.

"உண்ட வீட்டுக்கு ஒன்றும் செய்யாமல் போனால் என் கொம்புக்கு இழுக்கு. என்ன வேண்டும், கேள்."

"என் மகள் வேண்டும்."

காளை தன் முன்னங்காலைத் தரையில் அடித்து, கருங்கல்லான குளம்பில் ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தது. "இதில் அவள் முகத்தை வெட்டு. ஆற்றுக் களிமண்ணில் அழுத்து. ஈரம் உள்ளவரை இருப்பாள், காய்ந்தால் போவாள். சரியாக வெட்டினால் அந்த மண்ணுக்கு நாளுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் போதும்."

"தப்பாக வெட்டினால்?"

"முப்பது வருஷக் கை தப்புமா?" என்று சொல்லிவிட்டுக் காளை கல்லுக்குள் போய்விட்டது.

மூன்று நாள் வெட்டினான். நான்காம் நாள் ஒரு பலகை அகலத்துக்குக் களிமண்ணைப் பரப்பி அழுத்தினான். கல்லை எடுத்தால், முழங்காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்தபடி நன்னி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பசிக்கிறது" என்றாள்.

கொற்றி அப்பம் சுட்டுச் சுட்டுப் போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவள் இடக்கையால் தின்கிறாள்" என்றாள்.

"எந்தக் கையால் தின்றால் என்ன, தின்கிறாளே."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்று சொல்லி அழுதாள். மகளை அணைத்தபோது நெஞ்சு வலப்பக்கம் துடித்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாள் களிமண் ஒரு கிண்ணம் தண்ணீர் குடித்தது. இரண்டாம் நாள் ஒரு பானை. மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக் கிணற்றில் வாளி தரை தட்டியது. ஈரம் உள்ளவரை இருப்பாள், காய்ந்தால் போவாள். உதிரன் அந்த மண்பலகையைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றிலேயே வைத்தான். "ஆறு என்ன கிண்ணமா, வற்றுவதற்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஆறும் வற்றியது. பலகையை ஆற்றில் வைத்த மூன்றாம் நாள் படகுகள் சேற்றில் சாய்ந்தன. ஆறாம் நாள் மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் துள்ளின. ஒன்பதாம் நாள் வெறும் மணல். ஊர்க் கிணறுகளும் ஆற்றோடு போயின. பயிர் நின்றபடியே கருகியது. கைக்குழந்தைகள் அழுதார்கள், பிறகு அழவும் தெம்பில்லாமல் கிடந்தார்கள். "இன்னும் மூன்று நாள் பார்ப்போம். அப்புறம் ஊரை விட்டுப் போவதுதான். நடக்க முடிந்தவர்கள் நடப்பார்கள்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

உதிரன் அந்தக் கருங்கல்லை எடுத்துப் பார்த்தான். நன்னிக்கு வலக்கண்ணின் கீழே மச்சம். கல்லிலும் வலக்கண்ணின் கீழேதான் இருந்தது. ஊரார் முத்திரையையெல்லாம் திருப்பி வெட்டிய கை, மகளை மட்டும் முகத்துக்கு முகம் பார்த்து நேராக வெட்டியிருந்தது.

காளை புகுந்துகொண்ட முத்திரைக் கல்லைத் தட்டி அதைக் கூப்பிட்டான். அது நொண்டிக்கொண்டு வந்தது.

"அச்சு மாறினால் தாகமும் மாறும் உதிரா. ஆறு அவளைக் காக்க வேண்டியது போய், அவள் ஆற்றைக் குடிக்கிறாள். மண்ணை வெயிலில் வைத்தால் தண்ணீர் திரும்பும்."

"இன்னொரு துண்டு குளம்பு கொடு. சரியாக வெட்டுகிறேன்."

"கொடுத்தால் நான் எதில் நிற்பது? என்னால் ஒரு தடவைதான் முடியும்."

கொற்றி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள். "ஊர் போகட்டும்" என்றாள். "ஊருக்கு ஆயிரம் பிள்ளை. எனக்கு ஒன்று."

வாசலில் நன்னி நின்றிருந்தாள். எதிர்வீட்டுப் பெண் காலிப் பானையின் அடியைச் சிப்பியால் சுரண்டி, அந்த ஈரத்தைக் குழந்தையின் உதட்டில் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்குக் குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்கவே இல்லை. அவர்களுக்கும் தாகம், எனக்கும் தாகம். அப்புறம் அந்தத் தண்ணீரெல்லாம் யாருக்கு?"

கொற்றி மகள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "பயமாக இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"போன தடவை உடம்பு சுட்டது. அப்போது பயமாக இருந்தது. இந்தத் தடவை நீங்கள் இரண்டு பேரும் கடைசிவரை பக்கத்திலேயே இருப்பீர்களா?"

"இருப்போம்."

மறுநாள் காலை மூவரும் ஆற்றுக்குள் இறங்கினார்கள். உதிரன் மண்பலகையைப் பள்ளத்திலிருந்து எடுத்து, வெயில் படும் மணலில் வைத்தான். கொற்றி மகளை மடியில் உட்காரவைத்துத் தலை வாரினாள். உதிரன் கதை சொன்னான். தெருமுனையில் வழி தெரியாமல் நின்ற காற்று, கழுதையிடம் வழி கேட்டு உதை வாங்கிய கதை. நன்னி சிரித்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இரண்டாம் தடவை சிரிப்பு மெதுவாக வந்தது. மூன்றாம் தடவை உதடு மட்டும் அசைந்தது. சீப்பில் மண் உதிர்ந்தது. சூரியன் உச்சிக்கு வந்தபோது பலகை நடுவில் வெடித்தது. கொற்றியின் மடியில் ஒரு பிடி தூசிதான் இருந்தது. கை இன்னும் வாரிக்கொண்டிருந்தது.

அப்போது அவர்கள் காலடி மணல் நனைந்தது. ஆறு வந்தது. ஓசை இல்லாமல், தப்புச் செய்த பிள்ளை வீட்டுக்குள் நுழைகிற மாதிரி மெல்ல வந்தது. உதிரன் கையிலிருந்த கருங்கல் கரைந்து தண்ணீரோடு போயிற்று. ஊரே பானையும் குடமுமாக ஓடிவந்தது. கைக்குழந்தைகள் குடித்தார்கள், பிறகு பலமாக அழுதார்கள். அந்த அழுகை ஊருக்கு இனித்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற இருவர் மட்டும் ஏன் குடிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

இவ்வளவு நல்லது செய்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது. மறுவருஷம் வெள்ளம் வடிந்தபோது, புது வண்டலின்மேல் ஒரு சின்னப் பிள்ளையின் காலடிகள் தெரிந்தன. ஆற்றிலிருந்து புறப்பட்டு, வயலெல்லாம் சுற்றி, உதிரன் வீட்டு வாசலில் முடிந்திருந்தன. அந்தக் காலடி பட்ட வயலில் கதிர் இரண்டு ஆள் உயரம் வளர்ந்தது. அறுக்க ஏணி போட்டார்கள். சந்தேகப்படுகிறவர்கள் அந்த ஏணியைப் போய்த் தேடிப் பாருங்கள். அந்த ஊர் அப்புறம் முந்நூறு வருஷம் பசி அறியவில்லை.

வருஷாவருஷம் வெள்ளம் வடிந்த அன்று உதிரனும் கொற்றியும் வாசலில் வந்து உட்காருவார்கள். சேறு காய்ந்து, காலடிகள் வெடித்து, காற்றோடு போகும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். அப்புறம் கொற்றி விதைக்கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்வாள். "வாருங்கள், போகலாம்" என்பாள். இருவரும் வயலுக்கு நடப்பார்கள்.