எக்ஸின் மதிப்பு தரப்படவில்லை

“எக்ஸ் என்னன்னே சொல்லாம விடை கேட்டா எப்படி டீச்சர்?”

சவேரியம்மாள் நோட்டைத் தள்ளி வைத்தாள்.

வயது நாற்பத்தொன்று. சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். பத்தாவது தேறினால் அமைப்பாளர் ஆகலாம். இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் கணக்கில் போய்விட்டது.

டியூஷன் எடுக்கும் ஜெனோவாவுக்கு இருபத்துநான்குதான்.

நோட்டில் ஒரே ஒரு வரி.

5x + 8 − 3x − 2x. மதிப்பு காண்க.

“வேணும்னுதான் கொடுக்கலக்கா. போடுங்க.”

“தெரியாதத வச்சிக்கிட்டு ஒண்ணும் செய்ய ஏலாது டீச்சர். ஒம்பது வருசமா பாத்துட்டேன்.”

ஜெனோவாவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கடலுக்குப் போன அவள் புருஷன் அந்தோணி திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. சவேரியம்மாள் தாலியைக் கழற்றவில்லை. மகள் மெர்சியைப் பெண் கேட்டு இரண்டாம் தடவையாக ஆள் அனுப்பியிருக்கிறார்கள். “அவ அப்பா வரட்டும்” என்றே சொல்லி அனுப்புகிறாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்லலாமா என்று ஜெனோவா யோசித்தாள். பிறகு பென்சிலை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“எக்ஸ் இருக்கிறத மட்டும் மொதல்ல சேருங்க.”

“அஞ்சுல மூணு போனா ரெண்டு. அந்த ரெண்டுல ரெண்டு போனா...”

பென்சில் நின்றது.

“எட்டுதான் நிக்குது.”

“எக்ஸ் மூணுன்னு வச்சுப் பாருங்க.”

பதினைந்தோடு எட்டு. அதில் ஒன்பது போக, ஆறு போக. விரல்விட்டு எண்ணினாள்.

“எட்டு.”

“நூறுன்னா?”

கொஞ்ச நேரமானது.

“எட்டு.”

“பூஜ்யம்னா?”

அதை அவள் உடனே எழுதவில்லை. முனை தாளில் அழுந்தி உடைந்தது. ஜெனோவா வேறு பென்சில் கொடுத்தாள்.

சவேரியம்மாள் எழுதினாள். எட்டு.

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“ஒரு போன் பண்ணிக்கிடட்டுமா டீச்சர்?”

எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

“மெர்சி, பொண்ணு கேட்டவுகள ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரச் சொல்லு.”

மெர்சியின் குரல் ஜெனோவாவுக்கும் கேட்டது.

“அப்பா வரட்டும்னு சொன்னியேம்மா?”

“வந்தா கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல முன் பெஞ்சில உக்காரட்டும்.”