பாலம் ஏறிய சைக்கிள்

மருதாசலத்துக்கு ஐம்பத்தைந்து வயது. அவருடைய டீச்சருக்கு முப்பத்தேழு.

மில் மூடும்வரை அவர் அங்கே ஃபிட்டர். முப்பது வருஷம் இயந்திரங்களோடு கிடந்தவருக்கு, பேட்டரியைப் பற்றி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தவள் ஜெசிந்தா. பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவள். இப்போது சிங்காநல்லூரில் ஓர் ஒற்றை அறைப் பட்டறையில், சாதாரண சைக்கிளுக்கு மோட்டார் மாட்டக் கற்றுத்தருகிறாள். அவளுடைய இடது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளத்திருக்கும். எப்படி ஆயிற்று என்று கேட்டவர்கள் உண்டு. பதில் வாங்கியவர்கள் இல்லை.

மருதாசலம் சைக்கிள் கட்டியது மகள் கோகிலவாணிக்காக. அவளுக்குப் பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். காலை ஆறு மணி ஷிப்டு, ஒன்பது கிலோமீட்டர், அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. விபத்தில் முறிந்து கம்பி வைத்த கால்; மிதிக்க முடியாது. இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவளுக்கு வந்த முதல் வேலை.

பழைய லேப்டாப்புகளிலிருந்து பேட்டரி செல்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக அளந்து, பேட்டரி கட்டினார். எல்லாம் சரியாக வந்தது. ரயில்வே மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் மட்டும் வண்டி நின்றுபோனது. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு கரண்டை வெட்டிவிட்டது.

"ஏதோ ஒரு வரிசை செல் வீக்கா இருக்குதுங்கண்ணா. பிரிச்சு மாத்தணும். நல்ல செல் வர பத்து நாள் ஆகும்," என்றாள் ஜெசிந்தா.

"திங்கக்கிழமை சேரணுமுங்க டீச்சர்."

"போர்டுகிட்ட சொல்லிப் பாருங்க. கேட்டுச்சுன்னா சரி."

மில்லில், மூடி திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. தொட்டதற்கெல்லாம் நிறுத்தும். ஒரு துண்டுக் கம்பியால் அதன் வாயைக் கட்டிவிட்டு ஓட்டுவது ஃபிட்டர்களின் வழக்கம். மேஸ்திரியே தட்டிக்கொடுப்பார். கூட வேலை பார்த்த ரங்கசாமியின் நான்கு விரல்கள் இயந்திரத்தில் போன அன்றும், கம்பியைக் கட்டியது யார் என்று எவரும் கேட்கவில்லை. மருதாசலம் மட்டும் அவ்வப்போது தன்னையே கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை அவர் பேட்டரியின் உறையைக் கிழித்து, போர்டைத் தாண்டி நேராக ஒரு ஒயரைப் பற்றவைத்தார். இனி அது எதையும் வெட்டாது. ஏற்றத்திலும் வெட்டாது, சார்ஜ் நிறைந்து, வீக்கான செல்கள் கொதித்துத் தீப்பிடிக்கப் போனாலும் வெட்டாது. மேலே புது நீல உறையைச் சுற்றியதும் ஒயர் மறைந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் வண்டியை ஓட்டிக்கொண்டே பட்டறைக்கு வந்தார்.

"பாலம் ஏறிடுச்சுங்க டீச்சர். ஒரே மூச்சுல."

"நேத்து வரைக்கும் ஏறல."

"இன்னைக்கு ஏறிடுச்சு. ஒருக்கா பார்த்து, நல்லா இருக்குதான்னு சொல்லிடுங்க."

அவள் பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்தாள். புது உறையை விரலால் தடவினாள்.

"வீட்டுல எங்க வெச்சு சார்ஜ் போடுவீங்க?"

"லைன் வீடுங்க, ஒரே ரூம். கதவுகிட்டதான் பிளக் இருக்குது."

"இன்னொரு கதவு?"

"ஒண்ணுதான்."

"பொண்ணு எங்க படுக்கும்?"

"உள்ள, சுவத்தோரமா."

"நீங்க?"

"வெளிய. காத்தா இருக்கும்னு."

ஜெசிந்தா பேட்டரியைப் பட்டறைக் கதவின் உட்புறம், தரையில் வைத்தாள். சார்ஜர் ஒயரை ஜன்னல் வழியாக வெளிச்சுவர் பிளக்கில் மாட்டி, சுவிட்சைப் போட்டாள். உள்ளே போய்ச் சுவரோரம் பாயை விரித்தாள்.

"கதவைச் சாத்திட்டு உட்காருங்க. நாலு மணி நேரம்."

"நானும் உள்ள வர்றனுங்க."

"வீட்டுல எங்க படுப்பீங்க?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப வெளியதான்."

கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார். எதிர்க் கடையில் டீ சொன்னார். குடிக்கவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டார். மில்லில் ஆயிரம் தடவை ஒன்றும் ஆகவில்லை. ரங்கசாமி இப்போது எப்படிச் சாப்பிடுகிறான் என்று திடீரென ஒரு நினைப்பு வந்தது. போய்ப் பார்த்ததே இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்துக் கதவில் கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. காதை வைத்தார். உள்ளே சத்தமே இல்லை.

மூன்றாவது மணி நேரத்தில், செல் கசிந்தால் வரும், நெயில் பாலிஷ் போன்ற லேசான வாடை வந்தது. வந்ததா, வந்ததாக நினைத்தாரா, தெரியவில்லை. பிளக்கை ஒயரோடு பிய்த்தெடுத்தார். கதவைத் தள்ளித் திறந்து, பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடி, வாசலில் கிடந்த மணல் குவியலில் புதைத்தார். உள்ளங்கை எரிந்தது.

ஜெசிந்தா எழுந்து வெளியே வந்தாள்.

"ஒரு மணி நேரம் பாக்கி இருக்குதுங்களேண்ணா."

"போர்டைத் தாண்டி ஒயர் போட்டுட்டனுங்க டீச்சர்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"பாலம் ஏறிடுச்சுன்னு சொன்னப்பவே."

வந்தது ஆத்திரமா பயமா என்று அவருக்கே விளங்கவில்லை. "தெரிஞ்சுமா உள்ள போய்ப் படுத்தீங்க?"

ஜெசிந்தா மணலை இன்னும் இரண்டு கை அள்ளி பேட்டரியின் மேல் போட்டாள்.

"நான் தெரிஞ்சு படுத்தேன்," என்றாள். "உங்க பொண்ணு?"